4,999 ரூபாய் பேக்கேஜில் இல்லாமல் போன ஒரு சிறுநீர் டெஸ்ட்

மார்ச் கடைசி வாரம்னா எங்க ஆபீஸ்ல யாரும் யாரோடயும் முகம் கொடுத்துப் பேச மாட்டோம். அப்படி ஒரு ராத்திரி ஒன்பதரை மணிக்கு, ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில் மெர்ச்சண்டைசரா இருக்கிற தம்பி ஒருத்தர் வாட்ஸ்அப்பில் ஒரு பில் அனுப்பினார். ஃபுல் பாடி செக்கப், இரண்டு பேருக்கு, 4,999 ரூபாய். கீழே ஒரு கேள்வி: "அண்ணா, இது 80டி-ல வந்துடும்ல?"

வராது. அவர் சம்பளம் மாசம் 42,000. புதிய வரி முறையில் இருக்கார். அந்த முறையில் 80டி கழிவே கிடையாது. அதுமட்டுமில்ல, 2025-26 நிதியாண்டிலிருந்து சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை புதிய முறையில் வரியே வராது. கட்டாத வரியை எங்கிருந்து குறைக்கிறது?

பழைய முறையில் இருக்கிறவங்களுக்கும் கணக்கைச் சொல்லிடறேன். 80டி-ல செக்கப்புக்கு 5,000 ரூபாய் வரை காட்டலாம். அது தனி 5,000 இல்லை, உங்க இன்சூரன்ஸ் பிரீமியத்துக்கான 25,000 வரம்புக்குள்ளேயே அடங்கினது. 20 சதவீத அடுக்கில் இருந்தா மிச்சம் 1,040 ரூபாய். 5 சதவீதத்தில் இருந்தா 260 ரூபாய். இந்த 260 ரூபாய்க்காகத்தான் மார்ச் மாசம் லேப் வாசல்ல அவ்வளவு கூட்டம். (பணமாகவே கட்டலாம், 80டி-ல ரொக்கத்துக்கு அனுமதி இருக்கிறது இந்த செக்கப் ஒண்ணுக்கு மட்டும்தான். பலருக்கு இது தெரியாது.)

பதிலை ஒரு வரியில் அனுப்பிட்டுத் தூங்கியிருக்கலாம். ஆனா பில்லோட ரிப்போர்ட்டும் வந்திருந்தது. கணக்குப் பார்க்கிறவன் கை சும்மா இருக்காதே, திறந்து பார்த்தேன். ஒண்ணு அவரோடது, இன்னொண்ணு அவங்க அப்பாவோடது. அப்பாவுக்கு 57 வயசு. டேனரியில் டிரம் செக்‌ஷன்ல 26 வருஷம் வேலை. சர்க்கரை வந்து 11 வருஷம். எண்பதுக்கும் மேல டெஸ்ட். வைட்டமின் டி இருக்கு, பி12 இருக்கு, தைராய்டு மூணு வகை இருக்கு, இரும்புச்சத்து இருக்கு. கிரியேட்டினின் 1.1, பக்கத்துல பச்சை நிறத்தில் 'நார்மல்'. யூரின் ரொட்டீனில் ஆல்புமின் இல்லைன்னு ஒரு வரி.

பதினோரு வருஷ சர்க்கரைக்காரருக்கு வருஷம் தவறாம பார்க்க வேண்டிய ஒரு டெஸ்ட் அந்த எண்பதில் இல்லை. சிறுநீரில் ஆல்புமினுக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம். லேப் சீட்டில் யு.ஏ.சி.ஆர். என்றோ, மைக்ரோ ஆல்புமின் ரேஷியோ என்றோ போடுவாங்க. தனியா எடுத்தா சில நூறு ரூபாய்.

நான் டாக்டர் இல்லை. ஆடிட்டருக்கு இது எப்படித் தெரியும்னு கேட்பீங்க. என் பெரியப்பாவோட டயாலிசிஸ் செலவுக் கணக்கை ஆறு வருஷம் எழுதினவன் நான். அதனால தெரியும்.

பெரியப்பாவும் வருஷா வருஷம் ரத்தம் கொடுத்தவர்தான். ஃபைல் சுத்தமா வெச்சிருந்தார். அவர் போன பிறகு அதை எடுத்து வரிசையா அடுக்கினேன். 52 வயசில் கிரியேட்டினின் 1.0. அப்புறம் 1.1. இரண்டு வருஷம் 1.2. அறுபதாவது வயசில் 1.3. அந்த லேபின் மேல் வரம்பு 1.3. எட்டு வருஷமும் 'நார்மல்'. எட்டு வருஷமும் வீட்டில் நிம்மதி.

அதே எண்களை, வயசையும் சேர்த்து, இப்போ டாக்டர்கள் பயன்படுத்தும் சூத்திரத்தில் போட்டா வேற கதை வருது. ஈ.ஜி.எஃப்.ஆர். என்பாங்க, சிறுநீரகம் நிமிஷத்துக்கு எவ்வளவு ரத்தத்தை வடிகட்டுது என்பதன் மதிப்பீடு. 52 வயசில் 1.0 என்றால் சுமார் 90. அறுபதில் 1.3 என்றால் சுமார் 63. வயசானால் கொஞ்சம் குறையும், சரி. ஆனால் எட்டு வருஷத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வடிகட்டும் திறன் போயிருக்கு, ஒரு ரிப்போர்ட்டில்கூட சிவப்பு எழுத்து வரலை. ஒரு கம்பெனியின் லாபம் எட்டு வருஷம் தொடர்ந்து இறங்கினா நான் விட்டுடுவேனா? ஒரே ஒரு வருஷத்து பேலன்ஸ் ஷீட்டை மட்டும் பார்த்தா விட்டுடுவேன். அங்கே நடந்தது அதுதான்.

ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறிக் காட்டுறது தாமதமாத்தான். சிறுநீரகத்துக்கு உபரித் திறன் அதிகம். பாதி போகும் வரைக்கும்கூட எண் வரம்புக்குள்ளேயே நிற்கலாம். அதோட கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. ஒல்லியா, வயசான உடம்புக்காரருக்கு அது இயல்பாவே குறைவு. சிறுநீரகம் கெட்டிருந்தாலும் எண் அழகா இருக்கும்.

சிறுநீர் முன்னாடியே சொல்லிடும். நல்ல சிறுநீரகம் ஆல்புமின் என்கிற புரதத்தை ரத்தத்திலேயே நிறுத்திக்கும். வடிகட்டி கொஞ்சம் தளர்ந்தா அது கசிய ஆரம்பிக்கும். சர்க்கரையும் பிரஷரும் முதலில் கைவைக்கிறது பெரும்பாலும் அங்கேதான். கிரியேட்டினின் அசையறதுக்குப் பல வருஷம் முன்னாடியே இந்தக் கசிவு தொடங்கலாம். கல்லாப்பெட்டியில் தினம் பத்து ரூபாய் காணாமப் போகிற மாதிரி. வருஷக் கடைசிக் கணக்கில் தெரியாது, தினசரிக் கேஷ் புக்கைப் பார்த்தா தெரியும்.

சரி, யூரின் ரொட்டீனில் ஆல்புமின் இல்லைன்னு வந்ததே? அது பட்டை டெஸ்ட். வண்ணப் பட்டையைச் சிறுநீரில் நனைச்சு நிற மாற்றத்தைப் பார்ப்பாங்க. விலை மிகக் குறைவு, நிறைய பேரைச் சீக்கிரம் பார்க்க நல்லது. ஆனால் கசிவு ஓரளவு பெருசானாத்தான் நிறம் மாறும். நீங்க முந்தைய ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் தண்ணி குடிச்சிருந்தா சிறுநீர் நீர்த்துப்போய், இருக்கிறதும் தெரியாமப் போகும். விகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. சிறுநீர் நீர்த்தால் ஆல்புமின், கிரியேட்டினின் இரண்டும் சேர்ந்தே நீர்க்கும், ஒன்றை ஒன்றால் வகுத்தா எண் நிலையா நிற்கும். முன்னாடி இதுக்காக 24 மணி நேரச் சிறுநீரையும் கேனில் பிடிச்சுக் கொண்டு போகணும். வேலைக்குப் போற ஆளுக்கு அது நடக்கிற காரியமா?

எண்களை மட்டும் மனசில் வெச்சுக்கங்க. ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு ஆல்புமின் 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தா சரி. 30 முதல் 300 வரை கசிவு தொடங்கியிருக்கு. 300-ஐத் தாண்டினா பெரிய கசிவு. பட்டை டெஸ்ட் பெரும்பாலும் கோட்டை விடுறது அந்த நடு இடத்தைத்தான். மருந்தும் கட்டுப்பாடும் நல்லா வேலை செய்யறதும் அந்த இடத்தில்தான்.

ஒரே ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயப்படவும் கூடாது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, முந்தின நாள் ஜிம்மில் கடுமையான பயிற்சி, மாதவிடாய், எகிறிப்போன பிரஷர், இதில் எது இருந்தாலும் எண் தற்காலிகமா ஏறும். காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீரைக் கொடுக்கிறதுதான் நல்லது. அதிகமா வந்தா மறுபடி எடுப்பாங்க. மூணு மாசத்துக்கு மேல நீடிச்சாத்தான் நாள்பட்ட சிறுநீரக நோய்னு பேரே வைப்பாங்க.

சிறுநீரைப் பார்த்து நோயைச் சொல்றது நமக்குப் புதுசில்லை. சித்த வைத்தியத்தில் நீர்க்குறி, நெய்க்குறின்னு தேரையர் பேரில் ஒரு முறையே இருக்கு. சிறுநீரில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு அது பரவுற விதத்தைப் பார்ப்பாங்க. இங்கிலாந்தில் ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர் 1827-ல், கரண்டியில் சிறுநீரை ஊத்தி மெழுகுவத்தியில் சூடாக்கினா வெண்மையா திரியுது, அந்த நோயாளிகளுக்குச் சிறுநீரகம் கெட்டிருக்குன்னு எழுதினார். கோழிமுட்டை வெள்ளைக்கரு வெந்தா திரியற மாதிரிதான், அதுவும் ஆல்புமின்தானே. இருநூறு வருஷப் பழைய விஷயம். 4,999 ரூபாய் பேக்கேஜில் இடம் கிடைக்கலை.

இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. பேக்கேஜ் என்பது உங்களுக்காக யோசிச்சுப் போட்ட பட்டியல் இல்லை. எண்ணிக்கை பெருசாத் தெரியணும், அதுக்காக ஒரே மெஷினில் ஒரே ரத்தக் குழாயிலிருந்து வரும் பத்து எண்களைப் பத்து டெஸ்ட்டா எழுதுறாங்க. சிறுநீர் விகிதத்துக்குத் தனி டப்பா, தனி வேலை. அதை விட்டுட்டு வைட்டமினைச் சேர்த்தா விற்பனை நல்லா ஆகுது. நம்ம ஆளும் '87 டெஸ்ட், 4,999'னு பார்த்ததும் ஒரு டெஸ்ட் 57 ரூபாய்தான்னு வகுத்துப் பார்த்துச் சந்தோஷப்படுறார். துணிக்கடை ஆடி ஆஃபர் கணக்கு.

இன்னொரு வேடிக்கை. இந்தியாவில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைக்கு வழி திறந்த ஊர்களில் நம்ம வேலூர் முக்கியமானது. சி.எம்.சி.யில் 1971-லேயே வெற்றிகரமா செஞ்சாங்க. இன்னைக்கும் காட்பாடி ஸ்டேஷனில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் இரண்டு ராத்திரி ரயிலில் வந்து இறங்குறவங்களைப் பாருங்க, கையில் ஃபைல் இருக்கும். ஐம்பது கிலோமீட்டர் தள்ளி ஆம்பூரில் இருக்கிற நமக்கு, அந்த ஆஸ்பத்திரி வாசலுக்குப் போறதே கடைசிக் கட்டத்தில்தான்.

இனி எல்லாரும் கேட்கிற கேள்விக்கு வரேன். "எங்க அப்பா டேனரியில் இருந்தார், அதனால்தான் கிட்னி போச்சா?"

நேர்மையா சொல்லணும்னா, ஒருத்தருக்கு ஒருத்தர் அப்படி உறுதியா சொல்ல முடியாது. டிரம்மில் போடுற குரோமியம் உப்பு மூன்று இணைதிறன் வகை, உடம்புக்குள் சுலபமா ஏறாது. ஆறு இணைதிறன் வகைதான் கொடியது. அது அதிக அளவில் உள்ளே போனா சிறுநீரகத்தின் நுண்குழாய்களைக் கெடுக்கும் என்பது மருத்துவத்தில் தெரிந்த விஷயம். ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் தொழிற்சாலை விட்டுட்டுப் போன கழிவுமேடு அந்த வகை. ஆனா இன்னைக்கு நம்ம தெருவில் டயாலிசிஸுக்குப் போறவங்களில் பெரும்பாலானவருக்குக் காரணம் சர்க்கரையும் பிரஷரும்தான். அதோட வேலூர் வெயில். வெயிலூர்னு நாமளே கிண்டல் பண்ற ஊரில் தகரக் கூரைக்குக் கீழே வேர்த்துக் கொட்ட நின்னுட்டு, தண்ணி சரியா குடிக்காம, ராத்திரி முதுகு வலிக்குதுன்னு மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கிறது. அந்த மாத்திரைகளை வருஷக்கணக்கில் போட்டா சிறுநீரகத்துக்குக் கெடுதல். ஷூ கம்பெனி தையல் லைனில் இருக்கிற பெண்கள் நிறைய பேர் டாய்லெட்டுக்கு எழுந்து போக யோசிச்சுத் தண்ணியே குடிக்கிறதில்லை. என் வீட்டிலேயே பார்த்திருக்கேன்.

ஒரு நுணுக்கம்: நான் சொல்ற விகிதம் வடிகட்டியின் கசிவைத்தான் முக்கியமா காட்டும். நுண்குழாய் பாதிப்புக்கு வேறு சிறுநீர் டெஸ்ட்கள் இருக்கு, பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் மாதிரி. அதனால வீட்டில் யாராவது குரோமியம் புழங்குற இடத்தில் வேலை பார்த்திருந்தா, டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களா சொல்லுங்க. "அப்பா என்ன வேலை?"ன்னு கேட்டா "பிரைவேட்"னு சொல்ற பழக்கம் நம்ம கிட்ட இருக்கு.

இந்தப் பகுதியில் நாம எதை எண்ணி வெச்சிருக்கோம்னு யோசிச்சா எனக்கு ஆச்சரியமா இருக்கும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் கொடுத்த தீர்ப்பு நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் பாடம். மாசுபடுத்தியவரே ஈடு கட்டணும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதின்னு உறுதியாச் சொன்னது அங்கேதான். அந்தத் தீர்ப்பில் நிலத்தின் கணக்கு இருக்கு: டேனரிப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுசாகவோ கெட்டுப்போச்சுன்னு. 2025 ஜனவரியில் மறுபடி உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றித் தீர்ப்பு சொல்லி, இழப்பீட்டைக் கொடுத்து முடிக்கச் சொன்னது. நிலத்துக்கு ஒரு கணக்கு இருந்ததால் கேட்க முடிந்தது. உங்க அப்பாவோட சிறுநீரகத்துக்கு என்ன கணக்கு இருக்கு?

இருந்திருக்கணும். தொழிற்சாலைகள் சட்டம் 1948-ன் முதல் அட்டவணையில் ஆபத்தான செயல்முறைகளின் பட்டியல் உண்டு, தோல் பதனிடுதலும் அதில் இருக்கு. 41சி பிரிவின்படி அப்படிப்பட்ட வேலையில் இருப்பவருக்கு வேலைக்குச் சேரும் முன்னாடியும், பிறகு 12 மாசத்துக்கு ஒருமுறையாவதும் மருத்துவப் பரிசோதனை செய்யணும். உடல்நலப் பதிவேட்டைத் தொழிலாளி கேட்டால் பார்க்க விடணும். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இந்தக் கடமை தொடருது. தொழில் நோய்களுக்கான சட்ட அட்டவணைகளில் குரோமியத்தால் வரும் நோய்களும் உண்டு. எல்லாம் புத்தகத்தில் பிரமாதமா இருக்கு. நடைமுறையில் கான்ட்ராக்டர் மாறினா ரெஜிஸ்டரும் மாறிடும். கையில் ஒரு தாளும் இல்லாம 26 வருஷம் வேலை செஞ்சு வெளியே வர்றவர் யாரிடம் போய் எதை நிரூபிப்பார்?

அரசு இந்த விஷயத்தில் ஒரு நல்ல காரியம் செஞ்சிருக்கு. 2023 ஜூலையில் தமிழ்நாடு அரசு 'சிறுநீரகம் காக்கும் சீர்மிகு மருத்துவத் திட்டம்' தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எந்தக் காரணத்துக்காக வந்தாலும் சிறுநீரைப் பட்டையில் பார்த்து, புரதம் தெரிஞ்சா அடுத்த கட்டத்துக்கு அனுப்புறது. இலவசம். சம்பளக்காரர் நாம பி.எச்.சி. பக்கம் போறதில்லை, அது வேற விஷயம். அப்பா அம்மாவை அனுப்பலாமே. அங்கே பட்டையில் ஒண்ணும் இல்லைன்னு வந்தாலும், சர்க்கரையோ பிரஷரோ இருக்கிறவங்க விகித டெஸ்டைத் தனியா எடுத்துடுங்க.

இப்போ பணம். இதுதான் என் ஏரியா.

டயாலிசிஸ் வழக்கமா வாரம் மூணு தடவை. வருஷத்துக்கு 156. ஒரு தடவைக்கு 1,500 ரூபாய்தான்னு வெச்சுக்கங்க, 2,34,000 ஆச்சு. ரத்தம் ஏற ஊசி, மாத்திரை, ஆட்டோ தனி. பெரியப்பா கணக்கில் மிகப் பெரிய செலவு எதுன்னு நினைக்கிறீங்க? அண்ணனோட சம்பளப் பிடித்தம். வாரம் மூணு நாள் கூட்டிட்டுப் போக வேண்டியிருந்ததால் ஷிஃப்ட் வேலையை விட்டு, பாதிச் சம்பளத்தில் வேற இடம் போனார். அது எந்த மெடிக்கல் பில்லிலும் வராது. நான்தான் தனியா ஒரு காலம் போட்டு எழுதி வெச்சேன்.

உங்களை மாதிரி ஆளுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கு. மாசம் 21,000 ரூபாய் வரை சம்பளம் இருந்தா ஈ.எஸ்.ஐ. இருக்கும். உங்க பங்கு வெறும் 0.75 சதவீதம், உங்களைச் சார்ந்த பெற்றோருக்கும் சேர்த்து. இன்க்ரிமெண்ட் வந்து 22,000 ஆனதும் ஸ்வீட் வாங்கிக் கொடுப்பீங்க. அடுத்த பங்களிப்புக் காலம் தொடங்கும்போது ஈ.எஸ்.ஐ.யை விட்டு வெளியே வந்துடுவீங்க. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு, மாற்று அறுவை சிகிச்சையும் உண்டு. ஆனால் குடும்ப வருமான வரம்பு வருஷம் 1,20,000, உங்க சம்பளத்திலேயே அது போச்சு. கம்பெனி குரூப் இன்சூரன்ஸில் பல இடங்களில் அப்பா அம்மா இல்லை. இருந்தாலும் நீங்க ராஜினாமா கொடுக்கிற அன்னைக்கு அதுவும் முடிஞ்சது. ஏழைக்கு ஒரு வழி, பணக்காரனுக்கு ஒரு வழி, 25,000-லிருந்து 60,000 வரை வாங்குற ஆள் நடுவில் நின்னு பார்த்துட்டு இருக்கணும். அதனால 21,000-ஐ நெருங்கிட்டீங்கன்னா, ஈ.எஸ்.ஐ. கையில் இருக்கும்போதே பெற்றோருக்கு இந்த டெஸ்டை அங்கேயே டாக்டரிடம் கேட்டு எடுத்துக்கங்க. சம்பளம் ஏறினப்புறம் அதே டெஸ்ட்டுக்கு நீங்கதான் காசு கொடுக்கணும்.

அடுத்தது, என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்கிற கேள்வி. "டெஸ்ட் எடுத்து ஏதாவது வந்துட்டா இன்சூரன்ஸ் கிடைக்காதே. பாலிசி எடுக்கிற வரைக்கும் டெஸ்ட்டே வேண்டாம்னு சிலர் சொல்றாங்களே?"

இந்தக் கேள்வியைத் திட்டி அனுப்பிட முடியாது. அதில் நியாயம் இருக்கு. இன்சூரன்ஸ் ஒழுங்காற்று ஆணையத்தின் விளக்கப்படி, முன்பே இருந்த நோய் என்றால் பாலிசிக்கு முந்தைய 36 மாசத்துக்குள் டாக்டர் கண்டுபிடிச்சதோ, சிகிச்சையோ ஆலோசனையோ கொடுத்ததோதான். யாருக்கும் தெரியாத ஒண்ணு அந்த வரையறைக்குள் வராது. எந்தத் தொந்தரவும் இல்லாத 27 வயசு ஆள் இந்த வாரம் பாலிசி எடுத்துட்டு அடுத்த வாரம் டெஸ்ட்டுக்குப் போனா எந்தத் தப்பும் இல்லை. நானே அந்த வரிசையைத்தான் சொல்வேன். 2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை, தள்ளிப்போட இருந்த சாக்கும் போச்சு.

ஆனால் சிறுநீர் நுரைச்சுப் போகுது, கணுக்கால் வீங்குது, ஏற்கெனவே ஒரு டாக்டர் 'யூரின் பாருங்க'ன்னு எழுதிக் கொடுத்திருக்கார், இந்த நிலைமையில் வாயை மூடிட்டுப் படிவத்தில் 'இல்லை'ன்னு டிக் போடுறது வேற. அது மறைப்பு. பின்னாடி கிளைம் வரும்போது பழைய சீட்டைத் தேடி எடுப்பாங்க. 2024 ஏப்ரலிலிருந்து முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் மூணு வருஷம்தான், முன்பு நாலு. அஞ்சு வருஷம் தொடர்ந்து பிரீமியம் கட்டினா மோசடி தவிர வேறு காரணம் காட்டி மறுக்க முடியாது. உண்மையைச் சொல்லிட்டு மூணு வருஷம் காத்திருக்கிறது நடக்கக்கூடிய கணக்கு. பிரீமியம் கூடும், சில கம்பெனி மறுக்கும், நாலு இடத்தில் கேட்க வேண்டியிருக்கும்.

அப்பாவுக்குச் சர்க்கரைன்னு ஊருக்கே தெரியும், அவருக்கு பாலிசி தேடுறேன்னு சொல்லிட்டு விகித டெஸ்டை இரண்டு வருஷம் தள்ளிப் போடுறவங்களைத்தான் எனக்குப் புரியலை. எந்தப் பேப்பரைச் சுத்தமா வெச்சிருக்க இந்தப் பாடு? அந்த இரண்டு வருஷத்தில் போன வடிகட்டித் திறன் திரும்பி வராது. பாலிசி எப்போ வேணும்னாலும் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

யாருக்கு இது தேவையில்லைன்னும் சொல்லிடறேன். 25 வயசு, சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, குடும்பத்தில் சிறுநீரக நோய் இல்லை, உங்க வேலையிலும் அந்த மாதிரி ரசாயனம் இல்லைன்னா வருஷா வருஷம் இதை எடுக்க வேண்டியதில்லை. பிரஷரை மட்டும் வருஷம் ஒரு தடவை பாருங்க. முந்தின நாள் ஜிம்முக்குப் போயிட்டு வந்து 42-ன்னு ஒரு எண்ணைப் பார்த்துட்டு ராத்திரி முழுக்க கூகுளில் தேடுறதில் என்ன லாபம்? சர்க்கரையோ பிரஷரோ இருந்தா வயசு 28 ஆனாலும் எடுங்க. 30 வயசிலேயே பிரஷர் மாத்திரை போடுற கிளையண்ட் எனக்கு அஞ்சாறு பேர் இருக்காங்க.

எடுக்கிறதா இருந்தா பேக்கேஜை விட்டுடுங்க. லேபில் போய் ரத்தத்தில் கிரியேட்டினின், அதோட ஈ.ஜி.எஃப்.ஆர்., சிறுநீரில் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம்னு கேளுங்க. வந்த எண்ணைத் தேதியோட ஒரு எக்ஸெல் ஷீட்டில் போடுங்க. மியூச்சுவல் ஃபண்டுக்கு ஷீட் வெச்சிருக்கீங்கல்ல, அதிலேயே இன்னொரு டேப் போதும். 'நார்மல்' என்ற சொல்லை எழுத வேண்டாம், எண் மட்டும். முடிஞ்சவரை ஒரே லேபில் எடுங்க.

அந்தத் தம்பிக்கு நான் இவ்வளவையும் எழுதலை. "80டி வராது. அப்பாவுக்கு யு.ஏ.சி.ஆர். எடுத்தீங்களா?"ன்னு மட்டும் அனுப்பினேன். "அது என்ன அண்ணா?"ன்னு பதில். இரண்டு நாள் கழிச்சு எண் வந்தது: 186. கிரியேட்டினின் அதே 1.1, ஈ.ஜி.எஃப்.ஆர். 78. அதாவது ரத்தம் எந்தக் குறையும் சொல்லாத ஆளுக்குச் சிறுநீரில் ஆறு மடங்கு கசிவு. டாக்டர் கொஞ்ச நாள் விட்டு மறுபடி எடுக்கச் சொன்னார், 171. கசிவைக் குறைக்கிற வகைப் பிரஷர் மாத்திரை ஒண்ணு, சர்க்கரைக்கும் சிறுநீரகத்துக்கும் சேர்த்து வேலை செய்ற மாத்திரை ஒண்ணு எழுதினார். இரண்டாவது வகையில் எம்பாக்ளிஃப்ளோசினுக்கு 2025 மார்ச்சில் காப்புரிமை முடிஞ்சு பல கம்பெனிகள் தயாரிக்க ஆரம்பிச்சதில் விலை நல்லா இறங்கியிருக்கு. முன்னாடி இருந்த விலைக்கு அவர் மாசாமாசம் வாங்கியிருப்பாரான்னு எனக்குச் சந்தேகம். வலி மாத்திரையை நிறுத்தச் சொன்னதுக்குத்தான் அப்பா ரொம்ப முணுமுணுத்தாராம்.

போன மாசம் தம்பி மறுபடி எழுதினார். எண் இப்போ 68. கூடவே வழக்கம்போல ஒரு வரிக் கேள்வி. "அண்ணா, கிட்னி பிரச்சினைக்கு 80டிடிபி-ன்னு ஒண்ணு இருக்காமே, 40,000 வரைக்கும் கழிக்கலாமாம், அப்பாவுக்கு அதைக் காட்டலாமா?"

அது சிறுநீரகம் செயலிழந்தவங்களுக்கான பிரிவு. பழைய வரி முறையில் மட்டும்தான், சிறுநீரக நிபுணர் கையெழுத்துப் போட்ட சீட்டும் வேணும். அவங்க அப்பாவுக்குக் கிடைக்காதுன்னு பதில் போட்டேன்.